முப்பது எஸ்குடோ நோட்டின் கணக்கு

பழைய நோட்டைக் கண்டால் "இது இன்றைக்கு என்ன விலை போகும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கோவாவின் போர்ச்சுகீசிய நோட்டுகளில் அந்த எண்தான் விஷயமே என்பது என் கட்சி.

போர்ச்சுகலின் காலனிகளுக்கு நோட்டு வெளியிட்டது 1864ல் லிஸ்பனில் தொடங்கிய பாங்கோ நாசியோனால் உல்ட்ராமரினோ என்ற வங்கி. மொசாம்பிக், திமோர், மக்காவ் என்று இடத்துக்கு இடம் தனித்தனி நோட்டு. கோவா, டாமன், டையூவில் ஓடியது ‘ரூபியா’. பெயரும் நம்முடையது, மதிப்பும் நம் ரூபாய்க்குச் சமம். ரூபாய்க்கு 16 அணா போல, ரூபியாவுக்கு 16 தங்கா.

சுதந்திர இந்தியா கோவாவைக் கேட்டது. சலாசர் அரசோ, "அது காலனியே அல்ல, எங்கள் மாகாணம்" என்று 1951ல் சட்டத்தையே மாற்றிக்கொண்டது. பிறகு பணத்தையும் மாற்றியது. ரூபியா போய், போர்ச்சுகலில் அப்போது புழங்கிய எஸ்குடோவின் பெயர் வந்தது. ஒரு ரூபியாவுக்கு 6 எஸ்குடோ. 1959 தேதியிட்ட அந்த நோட்டுகளில், 1510ல் கோவாவைப் பிடித்த அல்புகெர்க்கின் படம்.

இப்போது எண்களைப் பாருங்கள்: 30, 60, 100, 300, 600, 1000. முப்பதிலும் அறுபதிலும் யாராவது நோட்டு அடிப்பார்களா? ஆறால் வகுத்தால் புரியும். 30 என்பது ஐந்து ரூபாய், 60 பத்து ரூபாய், 300 ஐம்பது, 600 நூறு. எஸ்குடோ வேஷம் கட்டிய ரூபாய்!

"மாற்றிக்கொள்ள வசதியாக அப்படி அடித்திருப்பார்கள், இதில் என்ன பெரிய விஷயம்?" என்பீர்கள். சரி, யாருடைய வசதி? மீன் வாங்குகிறவளும் முந்திரி விற்கிறவனும் மனசுக்குள் ரூபாயில்தான் கணக்குப் போடுவார்கள் என்பது லிஸ்பனுக்கே தெரிந்திருக்கிறது. மாகாணம் என்று சட்டத்தில் எழுதிவிடலாம். ஜனங்களின் கைக்கணக்கை எந்தச் சட்டத்தால் மாற்ற முடியும்?

1961 டிசம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து இரண்டே நாளில் போர்ச்சுகீசிய ஆட்சி முடிந்தது. புது நோட்டுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், விலை விசாரிக்கும் முன் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து ஆறால் வகுக்கச் சொல்லுங்கள். சரித்திரம் தானாகப் புரியும்.