தற்காப்பு முடியும் இடம்

ஆவடிக்கு வடக்கே வெள்ளானூரும் அதன் சுற்றுப்புற ஊர்களும் ஒரு தலைமுறைக்குள் உருமாறிவிட்டன. வயல்கள் மனைப்பிரிவுகளாயின. மனைகள் விற்ற வேகத்தில் வீடுகள் எழவில்லை. ஒரு வீடு, அதையடுத்து முட்புதர் மண்டிய காலி மனைகள், அப்பால் பூட்டிக் கிடக்கும் இன்னொரு வீடு என நீளும் தெருக்கள் அங்கே பல. வீட்டுத் தலைவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு இரவுப் பணிக்குச் சென்றபின் முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் தனித்திருக்க, நள்ளிரவில் பின்கதவுத் தாழ்ப்பாள் அசையும் ஓசை கேட்டால் நெஞ்சில் எழும் நடுக்கத்தைக் காவலர் நிற்கும் மாளிகைகளில் துயில்வோர் அறியார்.

அந்நடுக்கம் வீணானதும் அன்று. 2024 ஏப்ரலில் ஆவடியை அடுத்த மிட்டனமல்லியில் சித்த மருத்துவர் ஒருவரும் அவர் துணைவியாரும் தம் வீட்டிலேயே படுகொலை செய்யப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தந்தை, தாய், மகன் மூவரும் மாண்டனர். சில திங்கள் கழித்து ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பகுதியில் முதிய இணையர் அவ்வாறே தம் தோட்டத்து வீட்டில் கொலையுண்டனர். ஆகவே, வீடு புகுந்தவனை எதிர்த்துக் கை ஓங்கியவரை எடுத்த எடுப்பிலேயே குற்றவாளியாக நிறுத்தும் போக்கு நமக்கு உடன்பாடன்று.

சட்டமும் அவ்வாறு நிறுத்தவில்லை. 1837இல் தண்டனைச் சட்டத்தின் வரைவை அளித்த மெக்காலே குழுவினர், இந்நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டத்தாருக்கு எளிதில் பணிந்துவிடுகின்றனர், எதிர்த்து நிற்கும் துணிவை அவர்களிடம் வளர்க்க வேண்டும் என்று கருதியே தற்காப்புரிமையை விரிவாக வகுத்தனர். 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த அப்பிரிவுகள், 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக ஏறத்தாழ மாறாமல் தொடர்கின்றன. கொள்ளையடிப்பவன், கதிரவன் மறைந்தபின் விடியுமுன் வீடு உடைத்துப் புகுபவன், மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவன், உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க வகையில் திருடவோ அத்துமீறி நுழையவோ செய்பவன் ஆகியோரைத் தடுக்கையில் அவர்கள் உயிர் போகும்படி நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்று 41ஆம் பிரிவு கூறுகிறது. உயிருக்கு அஞ்சி நிற்பவர் தம் அடியின் அளவைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்க்க இயலாது என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுள்ளது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் தற்காப்பின் நெறிகளைத் தொகுத்துரைத்தபோதும் அதை அது வலியுறுத்தியது.

இவ்வளவு தாராளமான உரிமைக்கு எல்லையும் அதே சட்டத்திலேயே உண்டு. மக்கள் மனத்தில் முற்பகுதி பதிந்த அளவுக்குப் பிற்பகுதி பதியவில்லை. அரசு அலுவலரின் துணையை நாடக் காலம் இருக்குமானால் தற்காப்புரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் ஓர் அடியும் கூடாது என்பது 37ஆம் பிரிவு. வீடு உடைத்துப் புகுந்தவனுக்கு எதிரான உரிமை அவன் அத்துமீறி உள்ளே இருக்கும் வரையே நீடிக்கும் என்பது 43ஆம் பிரிவு. வாசலில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுபவனைத் துரத்தலாம், பிடிக்கலாம், பொருளை மீட்கலாம், அவனைக் கொல்லலாகாது. அச்சத்துக்குரிய காரணம் மறைந்து, தாக்க வந்தவர் சிதறி ஓடியபின் தற்காப்புக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஜெய்தேவ் வழக்கில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவுபடுத்திவிட்டது. நல்லெண்ணத்தோடு, முன்திட்டமின்றி, தேவைக்கு மீறி அடித்துவிட்டவருக்குச் சட்டம் சற்றே இரங்குகிறது: அது கொலை என்னும் நிலையிலிருந்து இறங்கும், குற்றம் என்னும் நிலையிலிருந்து நீங்காது.

இவ்வெல்லைக்குள் நின்ற செயல்களைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே, முகமூடி அணிந்து அரிவாளோடு வந்த இருவரை ஒரு முதிய இணையர் நாற்காலியையும் காலணியையும் கையில் கிடைத்த பிறவற்றையும் வீசி விரட்டினர். ஓடியவர்களைத் துரத்திச் சென்று வெட்ட அவர்கள் முனையவில்லை. அவ்வாண்டு விடுதலை நாள் விழாவில் முதலமைச்சர் கையால் அவர்களுக்கு விருது கிடைத்தது. 2021 சனவரியில் வெள்ளானூருக்கு அயலிலுள்ள சோழவரம் பகுதியில், கத்தியோடு வன்புணர முயன்றவனை ஓர் இளம்பெண் அக்கத்தியைப் பறித்தே வீழ்த்தினார். அவன் இறந்தான். திருவள்ளூர் மாவட்டக் காவல்துறை அன்றைய 100ஆம் பிரிவின்படி அதைத் தற்காப்பு எனக் கொண்டு அவரை விடுவித்தது. உயிர் போனது என்பதற்காகவே உயிர் காத்தவரைச் சிறைக்கு அனுப்பாத அம்முடிவை நாம் மனமார வரவேற்கிறோம். இடர் அவர் உடல்மேல் இருந்தது, வேறு துணையில்லை, இடர் நீங்கிய கணத்தோடு செயலும் நின்றது.

நமது கவலையெல்லாம் அதற்குப் பின்வரும் நேரத்தைப் பற்றியது. கள்வன் என்று கருதப்பட்டவன் பிடிபட்டுவிட்டான். கைகள் பின்னே கட்டப்பட்டுவிட்டன. விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. எவர் உயிருக்கும் இப்போது இடர் இல்லை, கட்டுண்டவன் உயிரைத் தவிர. அடி தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். 2018 பிப்ரவரியில் கேரளத்து அட்டப்பாடியில் மது என்னும் பழங்குடி இளைஞரை அரிசி திருடினார் என்று காட்டிலிருந்து பிடித்து வந்து, கைகளைக் கட்டி, உடன் நின்று படம் எடுத்துக்கொண்டு அடித்தனர். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் காவல் ஊர்தியிலேயே அவர் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு, அவர்களில் பதின்மூவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது.

அட்டப்பாடி நமக்குத் தொலைவு என்று எண்ண வேண்டா. அதே 2018 மே திங்களில், பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்ற வதந்தி கைபேசிகளில் பரவியபோது, இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டனர். போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததைக் கண்டவர்களின் ஐயத்துக்கு இரையானார். 2024 பிப்ரவரியில் பம்மல் பகுதியில் ஒரு திருநங்கையை அதே ஐயத்தின்பேரில் கம்பத்தில் கட்டித் தாக்கினர். இவர்களில் எவரும் எவர் வீட்டுக் கதவையும் உடைத்தவரல்லர். வடபுலத்துத் தொழிலாளர் நிறைந்த, மொழி தெரியாதோர் வழி தவறித் திரியும் நம் புறநகர்களில் அடுத்த ஐயம் யார்மேல் விழும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

கோவலன் கொலையுண்ட இடத்தை இளங்கோவடிகள் அமைத்த முறை இங்கே நினைக்கத்தக்கது. அவனைக் கண்ட காவலர் முதலில் தயங்கினர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்றனர். பொற்கொல்லன் கள்வர் கையாளும் தந்திரங்களை அடுக்கினான். காவலருள் ஓர் இளைஞன், முன்னொரு மழையிரவில் கள்வன் ஒருவன் தன் கைவாளையே பறித்த கதையைச் சொன்னான். கதை கேட்டு அச்சம் மிகுந்த அவ்வேளையில், கல்லாக் குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிட்டான். தயக்கத்தைக் கொன்றது வேறெங்கோ, வேறெவனோ செய்ததைப் பற்றிய பேச்சு. இன்று அப்பேச்சைக் குடியிருப்போரின் வாட்சப் குழுக்கள் நொடியில் தெருவெங்கும் கொண்டு சேர்க்கின்றன.

வீடுதோறும் துப்பாக்கி உரிமம் வழங்குக என்னும் குரலும் வீடு புகுந்து நிகழும் கொலைகளின் பின் எழுவதுண்டு. அக்குரலுக்குச் செவிசாய்க்குமுன் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். 1992 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், யோஷிஹிரோ ஹத்தோரி என்ற பதினாறு வயது சப்பானிய மாணவர் விருந்துக்குச் செல்ல முகவரி தவறி வேறொரு வீட்டுக் கதவைத் தட்டினார். நில் என்ற சொல் அவருக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரர் சுட்டார், மாணவர் இறந்தார். நடுவர் குழு சுட்டவரை விடுதலை செய்தது. இங்கிலாந்திலோ, 1999இல் தம் பண்ணை வீட்டில் புகுந்த பதினாறு வயதுச் சிறுவனை முதுகில் சுட்டுக் கொன்ற டோனி மார்ட்டின் சிறை சென்றார். கொலைக்குற்றம் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டபோதும் முற்றும் விடுபடவில்லை. இரு நாடுகளின் வழிகளில் நம் சட்டம் இரண்டாவதற்கே அணுக்கமானது. அது அவ்வாறே இருக்கட்டும்.

மக்களை மட்டும் கண்டிப்பது அறமாகாது. உதவிக்கு அழைத்தால் உதவி வரும் என்ற நம்பிக்கை உள்ள இடத்தில்தான், காலம் இருந்தால் காவலரை நாடுக என்னும் விதிக்குப் பொருள் உண்டு. 2022 சனவரியில் ஆவடி தனிக் காவல் ஆணையரகமானது. பெயர்ப்பலகைக்கு ஏற்ப இரவு ரோந்தும் புதிய மனைப்பிரிவுகளின் கடைசித் தெரு வரை நீள வேண்டும். விளக்கில்லாத் தெருக்களுக்கு விளக்கிடுவது உள்ளாட்சியின் கடமை. புதர் மண்டிய மனைகளைத் துப்புரவாக்க உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதும் அதன் கடமையே. மறுபுறம், கட்டுண்டவன் அடிபட்டு இறக்கும்போது, கூட்டம் செய்தது என்று கோப்பை மூடிவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். கூட்டத்திலிருந்தோர் எடுத்த கைபேசிப் படங்களே பெரும்பாலும் போதிய சான்று.

பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க, பிணையில் விடலாகாக் குற்றம் செய்வோனைக் கண்ணெதிரே கண்டால் குடிமக்களே பிடிக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு கூறுகிறது. பிடித்தவனை வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கால வரம்பையும் அது புதிதாகச் சேர்த்திருக்கிறது. அந்நேரம் பிடித்தவனைப் பாதுகாத்துக் கொண்டு சேர்ப்பதற்கு உரியது. அவனைத் தண்டிக்க எவருக்கும் அதில் ஒரு நிமிடமும் இல்லை. வெள்ளானூர் முதல் பூந்தமல்லி வரையிலுள்ள குடியிருப்போர் நலச் சங்கங்களை ஆவடி ஆணையரகம் அழைத்து இவ்விதியை எடுத்துரைக்கட்டும்; பிடிபட்டவன் அடிபட்ட அடையாளத்தோடு நிலையத்துக்கு வந்தால், அவன்மேல் திருட்டு வழக்குப் பதியும் அதே கை அடித்தவர்மேலும் வழக்குப் பதியட்டும்.