பாம்பை அடிக்கும் முன் அறிந்துகொள்வோம்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் அம்பாறைக் கரையோரத்தில் நெல் வயலும் கடலும் தான் மக்களின் வாழ்வாதாரம். இவ்விரண்டிலும் பாம்பு உண்டு. ஆயினும், பாம்பு என்றதும் பொல்லைத் தேடும் நாம் அது எவ்வகைப் பாம்பு என்பதைப் பார்ப்பதில்லை.

2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட வீட்டுக்கு வீடான ஆய்வொன்று, ஒரே வருடத்தில் 80 ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பாம்பு தீண்டியதாகவும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகவும் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இதில் பெரிதும் பாதிக்கப்படுவோர் ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமே.

நாட்டிலுள்ள பாம்பினங்களில் உயிருக்கு ஆபத்தானவை ஒரு சிலவே. படமெடுக்கும் நாகத்தை எவரும் அறிவர். முதுகில் சங்கிலி போன்ற மூன்று வரிசைப் புள்ளிகளைக் கொண்டது கண்ணாடி விரியன். இதனை மலைப்பாம்புக் குட்டியெனக் கருதிக் கையில் எடுப்பது பேராபத்தாகும். பளபளக்கும் கருமேனியில் மெல்லிய வெண்வரிகளுடன் இரவில் நடமாடுவது கட்டுவிரியன். நஞ்சற்ற வெள்ளிவரையனுக்கும் இத்தகைய வரிகள் உண்டு. ஆனால் அதன் வரிகள் பொதுவாக முன்பகுதியில் தெளிவாகவும் வாலை நோக்கி மங்கியும் இருக்கும். கட்டுவிரியனில் இது பெரும்பாலும் மாறி அமையும். கரைவலையில் சிக்கும் கடற்பாம்பைத் துடுப்புப் போன்ற தட்டையான வாலைக் கொண்டு அறியலாம். அதுவும் கொடிய நஞ்சுடையதே.

மறுபுறம், வயலில் எலிகளை உண்டு விவசாயிக்கு உதவும் சாரைப்பாம்பு காணுமிடமெல்லாம் கொல்லப்படுகின்றது. தீண்டியவரின் சிதைப் புகையை மரத்திலிருந்து பார்க்கும் என்ற கட்டுக்கதையால் கொம்பேறி மூக்கனும் மாய்கின்றது. சாரையைக் கொன்றுவிட்டு எலித்தொல்லைக்கு நஞ்சு வாங்குவது எவ்வகையில் நியாயம்?

அறியாமையின் மிகக் கொடிய விலையைக் கட்டுவிரியனே பெறுகின்றது. வாடியிலும் வீட்டுத் தரையிலும் உறங்குவோரை அது தீண்டினால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரிவதில்லை. வயிற்றுவலி என்றெண்ணி விடியும்வரை காத்திருப்போருக்குக் கண்ணிமை சரிந்து மூச்சும் தடைப்படுகின்றது. நுளம்பு வலையை விரிப்பின் கீழ் செருகி உறங்குவதும், இரவில் டோர்ச் வெளிச்சத்துடன் நடப்பதும் இதற்குரிய எளிய தற்காப்புகளாகும்.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். பாம்பை அடையாளம் காண்பது என்பது அதனைப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதல்ல. அம்முயற்சியில் இன்னொருவரும் தீண்டப்படலாம். நோயாளியின் அறிகுறிகளையும், 20 நிமிடத்தில் இரத்தம் உறைகின்றதா என்ற பரிசோதனையையும் கொண்டு வைத்தியர்கள் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும். இறுகக் கட்டுவதும் கீறுவதும் கேடு தரும். தீண்டப்பட்ட உறுப்பை அசைக்காது உடன் வைத்தியசாலை செல்வதே முறை.

எனவே, பெரும்போக விதைப்புக்கு முன்னர் விவசாய அமைப்புகளும் பாடசாலைகளும் பள்ளிவாசல், கோயில் நிருவாகங்களும் இணைந்து, படங்களுடன் கூடிய தமிழ் விளக்கப் பதாகைகளை ஊர்தோறும் வைக்க வேண்டும். பாம்புக்கு இனபேதம் கிடையாது. அதைப் பற்றிய அறிவும் எல்லோருக்கும் பொதுவாகட்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.