ஆசிரியரின் சட்டைப்பையில் நடக்கும் டிஜிட்டல் கல்வி

இலங்கையில் கல்வி பின்தங்குவதற்கு ஆசிரியர்களின் கணினி அறிவின்மையே காரணம் என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். இதைவிட நன்றிகெட்ட பேச்சு வேறில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிக் கற்பித்தலுக்குப் பெரும்பாலான ஆசிரியர்கள் பயிற்றப்பட்டிருக்கவில்லை. வட்ஸ்அப் குழு அமைப்பதையும் சூமில் வகுப்பு நடத்துவதையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டனர். கைத்தொலைபேசியும் அவர்களுடையது; டேட்டாவுக்கான பணமும் அவர்களுடையது. பதுளை மாவட்டத்தின் மலைக்கிராமமொன்றில் சமிக்ஞை தேடிக் குன்றேறிய ஆசிரியையும் மாணவர்களும் 2021இல் உலகச் செய்தியாயினர்.

அதே ஆண்டு ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. சம்பள முரண்பாட்டைத் தீர்ப்பது அவற்றின் முதன்மைக் கோரிக்கை. அப்போதுதான் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. டிஜிட்டல் கல்வி என்று நாம் பெருமை பேசியது அரசின் கட்டமைப்பை அல்ல, ஆசிரியரின் சட்டைப்பையை!

இந்த அனுபவத்திலிருந்து நாம் கற்றது என்ன? ஓய்வு நாளில் ஒரு சூம் செயலமர்வு. நூற்றுக்கணக்கானோரின் ஒலிவாங்கிகள் மௌனிக்கப்பட்டிருக்கும். வளவாளர் திரையில் உள்ளதையே வாசிப்பார். இறுதியில் ஒரு படிவம், ஒரு சான்றிதழ். இதற்குப் பெயர் வாண்மை விருத்தியாம். ஆசிரியர் இங்கே கற்பவரல்லர், வெறும் பார்வையாளர்.

தொழில்நுட்பத்தை நான் வெறுப்பவனல்லன். வன்னியிலோ மலையகத்திலோ, தன் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஒரே ஆசிரியராக இருப்பவருக்குப் பாடம் பற்றிப் பேச அருகில் எவருமில்லை. அவரை இன்னொரு விஞ்ஞான ஆசிரியருடன் இணைக்கக் கைத்தொலைபேசி போதும். தன் வகுப்பின் பதினைந்து நிமிடங்களைப் பதிவு செய்து, ஆசிரிய ஆலோசகருடன் பார்த்து, பிழை கண்டு, திருத்தி மீண்டும் கற்பிக்கலாம். அதுவே விருத்தி.

இது புதுமையுமல்ல. 1980களில் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் பயிற்றப்படாத ஆசிரியர்களுக்குத் தொலைக்கல்வி வழங்கியபோது, அச்சிட்ட பாடத்தொகுதிகளோடு மட்டும் நின்றுவிடவில்லை. நேரடிச் சந்திப்புகளையும் சேர்த்தே நடத்தியது. ஏடு எதுவாயினும் அதன் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார். இன்று ஏடு திரையாயிற்று. மனிதரைக் காணோம்.

ஆகவே கோரிக்கை எளியது. பயிற்சிக்கான நேரம் பாடசாலை நேரசூசிக்குள் வரட்டும். டேட்டாச் செலவை அரசு ஏற்கட்டும். தமிழ்மொழிமூல ஆசிரியர் பயிலும் பொருள் தமிழிலேயே ஆக்கப்படட்டும், மொழிபெயர்ப்பின் எச்சமாக அன்று.

புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் படித்த பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் அனுப்ப எண்ணுகிறீர்கள், நல்லது. அனுப்புமுன், அதன் முன்னால் நிற்கப்போகும் ஆசிரியரிடம் என்ன தேவை என்று ஒருமுறை கேளுங்கள். அவரிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை.