பழைய வண்டின்னா பெட்ரோல் நாத்தம் அடிக்கத்தான் செய்யுமா?

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடக்கிற எரிச்சல். இன்னிக்குக் கொட்டிடறேன்.

என்கிட்ட 1992 மாடல் மாஸ்டா மியாட்டா ஒண்ணு இருக்கு. ரெண்டே சீட்டு, மடிக்கிற கூரை, 1.6 லிட்டர் எஞ்சின். தங்கமணிக்கு அது வண்டியே இல்ல, "உங்க பொம்மை".

2024 நவம்பர்ல, நியூ ஜெர்சி குளிர் ஆரம்பிச்ச நேரம். காலையில ஸ்டார்ட் பண்ணினா குப்புன்னு பெட்ரோல் நாத்தம். பத்து நிமிஷம் ஓட்டினா காணாமப் போயிடும். சரின்னு ஒரு மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டுப் போனேன். லிஃப்ட்ல ஏத்திப் பார்த்தார். எங்கயும் ஈரம் இல்லையாம். "பழைய வண்டின்னா கொஞ்சம் வாசனை அடிக்கத்தான் செய்யும். வேணும்னா ஃப்யூயல் பம்ப்பை மாத்திப் பார்க்கலாம்"னார்.

இந்த "அடிக்கத்தான் செய்யும்"தான் எனக்கு ஆகவே ஆகாது. பெட்ரோல் நாத்தம் அடிச்சா எங்கயோ வெளிய வருதுன்னு அர்த்தம். அவ்வளவுதான். வண்டிக்கு வயசானதுனால வர்ற வியர்வை நாத்தம் இல்ல அது. பம்ப் வேற இந்த வண்டில சீட்டுக்குப் பின்னாடி டேங்க்குக்குள்ள உக்காந்திருக்கு. நாத்தம் முன்னாடி பானட்டுக்குள்ள. எதுக்குய்யா பம்ப்?

கேக்க வேண்டிய முதல் கேள்வி, எங்க ஒழுகுதுங்கிறது இல்லீங்க, எப்போ நாறுதுங்கிறதுதான். டேங்க்கை ஃபுல் பண்ணினதும் நாறினா, நிரப்புற குழாய், டேங்க் மேல இருக்கிற ஹோஸ் பக்கம் பாக்கணும். குளிர்ந்த எஞ்சின்ல மட்டும் நாறினா பிரஷர் இருக்கிற பக்கம். இன்ஜெக்டர் தலையில ரப்பர் ஓ-ரிங் இருக்கும். வயசாக ஆக அது கெட்டியாகும். குளிர்ல இன்னும் விறைச்சு, சுருங்கி, வழி விட்டுடும். சூடானா உப்பி அடைச்சுக்கும். நான் மெக்கானிக் கடைக்கு ஓட்டிட்டுப் போறதுக்குள்ளயே ஆதாரம் அழிஞ்சிருச்சு!

அடுத்த சனிக்கிழமை காலையில ஸ்டார்ட் பண்ணாம, நியூட்ரல்ல போட்டு, பையனும் நானும் வெளிய தள்ளினோம். தள்ளினதுக்குக் காரணம் இருக்கு. எங்க கராஜ் வீட்டோட ஒட்டினது. அதுக்குள்ள கேஸ் வாட்டர் ஹீட்டர், எப்பவும் சின்னதா எரியற பைலட் ஜுவாலையோட. கராஜுக்கு மேல பையனோட பெட்ரூம். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட தவழும். இங்க கராஜ்ல ஹீட்டர் ஜுவாலை தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்துல இருக்கணும்னு விதி வச்சிருக்கிறது அதனாலதான். இதை யோசிச்சப்புறம் மூணு ராத்திரி சரியா தூங்கலை.

மியாட்டா பானட்டுக்குள்ள டயக்னோஸிஸ் பெட்டின்னு ஒண்ணு இருக்கு. அதுல எஃப்/பி, ஜிஎன்டி ரெண்டையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சு சாவியை ஆன்ல வச்சா, எஞ்சின் ஓடாமலே பம்ப் மட்டும் ஓடும். (ஒயரை முதல்ல மாட்டிட்டு அப்புறம் சாவி. மாத்திச் செஞ்சு பொறி கிளப்பாதீங்க சாமிகளா.) தீயணைப்பான் பக்கத்துல, கையில எல்இடி டார்ச். ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மூணாவது இன்ஜெக்டர் ரெயிலோட சேர்ற இடத்துல லேசா மினுமினுப்பு. கடுகு அளவு ஒரு சொட்டு திரண்டு, கீழ விழுறதுக்குள்ள ஆவியாப் போச்சு. தரையில கறையே இல்லாததுக்கு இதுதான் காரணம். கறை இல்லேன்னா ஒழுகலைன்னு நினைக்கிறவங்க கவனிக்க.

சாவியைத் திருப்பி, பேட்டரியைக் கழட்டி, பிரஷரை இறக்கி, நாலு இன்ஜெக்டருக்கும் ஓ-ரிங் மாத்தினேன். கையோட ரப்பர் ஹோஸையும். இங்க ஒரு விஷயம்: கடையில ஆர்7, ஆர்9னு ரெண்டு ஹோஸ் பாக்க ஒரே மாதிரி தொங்கும். ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கு. இந்த மாதிரி 40 பிஎஸ்ஐ வாக்குல ஓடற இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஆர்9 தான். விலையைப் பாத்து ஆர்7 வாங்கிடாதீங்க.

ஓ-ரிங் செலவு, ரெண்டு பேர் ஹோட்டல்ல மசால் தோசை சாப்பிடற காசு. பம்ப்புக்கு அவர் சொன்ன விலையைச் சொன்னா தங்கமணி வண்டியை வித்துடுவாங்க, அதனால சொல்லலை, ஹி ஹி.

கழட்டின பழைய ஓ-ரிங்கை நகத்தால அழுத்திப் பாத்தேன். பிளாஸ்டிக் மாதிரி ரெண்டா உடைஞ்சுது. அதை மெக்கானிக்கிட்ட கொண்டு போய்க் காட்டினேன். வாங்கிப் பாத்துட்டு, "அட, ஆமா"ன்னார்.