பூனைக்குட்டியும் கால்வினும்: ஓர் ஒப்பீட்டின் பிழை

தென்கலை வைணவரின் மார்ச்சால நியாயத்தைக் கால்வினின் முன்குறித்தல் கோட்பாட்டோடும், வடகலையாரின் மர்க்கட நியாயத்தை ஆர்மீனியசின் தன்விருப்பக் கோட்பாட்டோடும் இணைவைப்பது ஒப்பியல் ஆய்வுகளில் வாய்பாடாகிவிட்டது. இந்திய அருள்நெறியைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டு 1930இல் நூல் வெளியிட்ட ருடால்ப் ஓட்டோ வேற்றுமைகளையும் வற்புறுத்தினார். பின்வந்தோர் ஒற்றுமையை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்கிறது; குட்டியின் முயற்சி அங்கு வேண்டப்படுவதில்லை. பிள்ளை உலகாசிரியர் விளக்கும் நிர்ஹேதுக கிருபைக்கு இவ்வுவமை பொருந்தும். ஆயின், எக்குட்டியைக் கைவிடுவது என்று தாய் முன்பே முடிவுசெய்துவிட்டது என்னும் கருத்துக்கு இவ்வுவமையில் இடமில்லை. ஆலந்து நாட்டின் தோர்த் நகரில் 1618-19இல் கூடிய திருச்சபைப் பேரவையோ, சிலரைத் தெரிந்துகொண்ட இறைவன் ஏனையோரை அவர்தம் பாவத்திலேயே விட்டுவிடவும் ஆணையிட்டான் என்று வரையறுத்தது. இவ்வாணை மாறாதது. வைணவத்திலோ பிராட்டியின் புருஷகாரம் உண்டு. குற்றம் காணும் இறைவனை அவள் பரிந்துரைத்து இசையச் செய்கிறாள். பரிந்துரைக்கு இடமுள்ள நெறியும் இடமே இல்லாத நெறியும் எங்ஙனம் ஒன்றாகும்?

சொல்லாட்சியிலும் இக்குழப்பம் தொடர்கிறது. கால்வினியத்தை 'ஊழ்க் கோட்பாடு' என்று மொழிபெயர்ப்பது தவறு. ஊழ் என்பது தன்வினையின் முதிர்வு. 'எனக்கு ஏன் இது?' என்று கேட்பவனுக்கு விடை அவனிடமே உண்டு. முன்குறித்தலுக்கு மனிதனிடத்தில் காரணம் தேட இயலாது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் ஊழையும் விதியையும் விலக்கி, 'முன்குறித்தல்' என்றே வழங்கினர். ஆய்வாளர் பலரினும் அவர்கள் விழிப்பாக இருந்தனர் எனலாம்.

இவ்விரு நெறிகளுக்கும் நிலவியல் நெருக்கமும் உண்டு. 1960 வரை சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுக்கு மேற்கே திருமலை, கிழக்கே பழவேற்காடு. பழவேற்காட்டில் 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய ஆலந்தர், தோர்த் முடிவுகளை ஏற்ற சபையினர். அங்கே 1632 முதல் பத்தாண்டுகள் போதகராயிருந்த ஆபிரகாம் ரோசேரியுசு, பதுமநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு எழுதிய நூல் 1651இல் வெளிவந்தது. கால்வினியத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில இறக்குமதியாகவே எழுதுவோர் இக்கடற்கரையை மறந்துவிடுகின்றனர்.

இப்பிழை பெரிதும் சிதைப்பது எச்.ஏ.கிருட்டிணப்பிள்ளையை. 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், பன்யனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் வெளியிட்டார். பிறப்பால் வைணவர், ஆகவே அவர் பாடும் அருள் பூனையின் அருள் என்பது என்ன தருக்கம்? யாத்திரிகன் நடக்கிறான், சேற்றில் விழுகிறான், எழுகிறான். குட்டி நடப்பதில்லை. நடப்பவனை வைத்து அவரைத் தன்விருப்பக் கோட்பாட்டினர் என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. நடக்கும் பயணியைப் படைத்த பன்யனே கால்வினியர். உவமையைக் கொண்டு கோட்பாட்டை அளப்பவர்க்கு இரு வழியும் அடைபடுகிறது.

பன்யன் நூலின் இறுதியில் 'அறியாமை' என்பவன் விண்ணக வாயில்வரை வந்துவிடுகிறான். கையில் சான்றுச் சுருள் இல்லாமையால் கைகால் கட்டப்பட்டு நரகில் எறியப்படுகிறான். மீட்பு யாருக்கு என்னும் வினா கூர்மையுறும் இடம் அது. கிருட்டிணப்பிள்ளையின் இறையியலை ஆராய்வோர் அக்காட்சியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும், பூனைக்குட்டியிலிருந்து அன்று.