இரைச்சல் என்று சொல்பவர்களுக்குத் தலவாக்கலையிலிருந்து

போன வருஷம் தோட்டத்து விழா ஒன்றில் எங்கள் பயலுகளுக்குப் பதினைந்து நிமிஷம் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், கடன் வாங்கிய ட்ரம் செட். நாலாவது நிமிஷமே ஆம்ப்ளிபயர் வயரைக் கழற்றிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "தம்பிமாரே, இது வெள்ளைக்காரன் சத்தம். நம்ம கலாசாரத்துக்கு ஒத்து வராது" என்றார். பிறகு ட்ராக் போட்டு சினிமாப் பாட்டு ஓடியது. அதற்கு யாரும் கலாசாரக் கணக்குக் கேட்கவில்லை.

நாங்கள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தோம். இப்போது பேசுகிறோம். எங்களை இறக்கிவிட்டவர்களிடம் சண்டை பிடிக்க அல்ல. மெட்டல் யாருடைய இசை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கதை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே 1948ல் பிறந்தவர் டோனி அயோமி. வீட்டில் அக்கோர்டியன் வாசிக்கிற சொந்தக்காரர்கள். பையனுக்கு ட்ரம்ஸ் ஆசை. சத்தம் தாங்காது என்று வீட்டில் விடவில்லை, அதனால் கிட்டார் கைக்கு வந்தது. (சத்தம் போடாதே என்ற பேச்சு அங்கேயும் இருந்திருக்கிறது பாருங்கள்.) 'த ஷேடோஸ்' குழுவின் ஹாங்க் மார்வினைக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகினார். பதினேழு வயதில் தகரத் தகடு பட்டறையில் வேலை. ஒரு பாண்டோடு ஜெர்மனிக்குப் போக வாய்ப்பு வந்தது, வேலையை விட முடிவெடுத்தார். கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக மனமில்லாமல் இருந்தார். அம்மாதான், போய் வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். அன்றைக்கு வழக்கமாக மெஷினில் நிற்கிற பெண் வரவில்லை, அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் மெஷினோடு போயின. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான்.

இனி வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ தீ விபத்தில் இரண்டு விரல்களின் பயனை இழந்தபிறகும் வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர். அதைக் கேட்டபிறகு அயோமி பாத்திரம் கழுவுகிற திரவத்தின் பிளாஸ்டிக் போத்தலை உருக்கி, துளை போட்டு, தேய்த்து விரல் உறை செய்தார். பழைய தோல் ஜாக்கெட்டை வெட்டி அதன்மேல் ஒட்டினார். வழக்கமான தந்தி விரலை வலித்தது. பாஞ்சோ தந்தியைப் போட்டுப் பார்த்தார். பின்னாளில் தந்தியின் இறுக்கத்தையே குறைத்தார், சுருதி கீழே இறங்கியது. இன்றைக்கு உலகம் முழுக்க மெட்டல் என்றால் நெஞ்சில் இறங்குகிற அந்தக் கனமான ஒலியின் பெரிய பங்கு இங்கேயிருந்து வந்தது. அடிபட்ட கைக்கு ஏற்ற மாதிரி ஒரு தொழிலாளி கருவியை மாற்றிக்கொண்டதில்.

1968ல் பில் வார்ட், கீசர் பட்லர், ஓஸி ஆஸ்போர்ன் ஆகியோரோடு பாண்ட் சேர்ந்தது. ஓஸி மாடறுக்கும் தொழுவத்தில் வேலை பார்த்தவர். அயோமி இடையில் 'ஜெத்ரோ டல்' குழுவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். அங்கே பார்த்த ஒழுங்கை இங்கேயும் கொண்டுவந்தார்: காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால் ஒன்பது மணிப் பெரட்டு! 1970 பெப்ரவரி 13ல் 'பிளாக் சபாத்' முதல் ஆல்பம் வந்தது. அதே வருஷம் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு, யுத்தத்தை மேசையிலிருந்து நடத்துகிறவர்களைத் திட்டுகிற பாட்டு.

இதில் எங்கே இருக்கிறான் நீங்கள் சொல்கிற வெள்ளைக்காரன்? பங்களாவில் இருந்த துரையும் தகடு பட்டறையில் விரல் போன பொடியனும் உங்களுக்கு ஒன்றா? தோல் நிறத்தைப் பார்த்தீர்கள், கையைப் பார்க்கவில்லை.

நம்ம ஸ்டோரில் ரோலர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மெஷின் கை கால் எடுத்துவிடக் கூடாது என்று ரோதமுனிக்குப் பூசை போடுகிற சனம் இது. மெஷினுக்குப் பயந்து சாமி கும்பிடுகிற ஊருக்கு அயோமியின் கதையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கிட்டார்க்காரன் எப்படி வந்தான் என்றும் சொல்கிறோம். பாட்டி ரேடியோவில் இளையராஜா பாட்டு. அதில் குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுகிற பேஸை முணுமுணுக்கிற பழக்கம் அவனுக்கு. மாசியில் காமன் கூத்து, விடிய விடியத் தப்பு. கொழும்பில் கடையில் நின்ற அண்ணன் லீவில் வந்தபோது போனில் கொண்டுவந்த மெட்டாலிக்கா. அந்த மூன்றும் ஒரே வீட்டில், ஒரே சுவருக்குள் நடந்தவை. முதல் தடவை மெட்டல் கேட்டபோது அவன் சொன்னது: "மச்சான், இது தப்பு மாதிரியே நெஞ்சில அடிக்குதுடா."

இப்போது கலாசாரம் பேசுகிறவர்களிடம் ஒரு கேள்வி. தப்பு யாருடைய கலாசாரம்? ஒரு காலத்தில் விடியற்காலையில் தப்படித்துத்தான் இந்தத் தோட்டங்களில் ஆளைப் பெரட்டுக்கு எழுப்பினார்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் அதே தப்பு. ஆனால் தப்படிக்கிறவரை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்துகிறவர்கள் யார்? விழா மேடையில் அவருக்கு எத்தனை நிமிஷம் கொடுத்தீர்கள்? உங்களுக்கு கிட்டாரும் இரைச்சல், தப்பும் இரைச்சல். ஒன்றை அந்நியம் என்று தள்ளுகிறீர்கள், மற்றதைச் சாதி பார்த்துத் தள்ளுகிறீர்கள். நடுவில் மிச்சம் இருக்கிற ட்ராக் பாட்டுக்குப் பேர் கலாசாரமா?

வெளியே பாருங்கள். சிங்கப்பூரில் 1992ல் தொடங்கிய 'ருத்ரா' வேதாந்தத்தை டெத் மெட்டலில் பாடுகிறது. சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் கிட்டாரையும் ஒன்றாக நிறுத்தி நேரடியாகச் சாதியைப் பேசியது. அதில் பாடிய அறிவுதான் 2021ல் 'எஞ்சாயி எஞ்சாமி' எழுதினார். அந்தப் பாட்டின் வேரில் இருக்கிறவர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குப் போக வேண்டிவந்தவர். அதாவது நம்ம ஆள். நம்ம பாட்டியின் கதையை அங்கே இருந்து ஒருவர் பாடி உலகம் ஆடுகிறது. இங்கே நாங்கள் ஆம்ப்ளிபயரைச் செருகினால் வயரைக் கழற்றுகிறீர்கள்.

மற்றப் பக்கத்துக்கும் சொல்ல இருக்கிறது. கொழும்பில் 'ஸ்டிக்மாட்டா' மாதிரி நல்ல பாண்டுகள் இருக்கின்றன, கேட்டு வளர்ந்தோம், மரியாதை இருக்கிறது. ஆனால் அங்கே மெட்டல் ரசிகர்கள் சிலரிடம் ஒரு பார்வை உண்டு: இங்கிலீஷ் சரியாக வராதவன், பிராண்ட் கிட்டார் இல்லாதவன், தோட்டத்துப் பொடியன் இதுக்குள்ளே என்ன செய்கிறான் என்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கே வருஷக்கணக்காகக் கத்தி 2021ல்தான் வாங்கிய சனத்தின் பிள்ளைகள் நாங்கள். பிராண்ட் இல்லை. பிளாஸ்டிக் போத்தலை உருக்கியவனிடமிருந்து வந்த இசைக்கு பிராண்ட் கேட்பது உங்களுக்கே சிரிப்பாக இல்லையா?

எங்கள் பக்கத்துப் பிழைகளையும் ஒத்துக்கொள்கிறோம். லயத்தில் ஒரு சுவர்தான், அடுத்த காம்பராவில் விடிய எழும்பி மலைக்குப் போக வேண்டிய அம்மா தூங்குகிறார். ராத்திரியில் ட்ரம்ஸ் அடித்தது தப்பு, நிறுத்திவிட்டோம். எங்கள் பாண்டில் இன்னும் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. கொழுந்து எடுக்கிற பெண்களின் உழைப்பைப் பாடுவோம் என்று சொல்லிக்கொண்டு நாலு ஆம்பளைப் பயலுகளாக நிற்பது எங்களுக்கே உறுத்துகிறது. பாட்டும் இன்னும் பாதி மற்றவர்களுடையதுதான். சொந்தமாக இரண்டு பாட்டு, இரண்டும் தமிழில்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பகலில், சனம் வேலைக்குப் போகாத நாளில், ஒரு நண்பனின் கடைக்குப் பின்னால் பயிற்சி. தப்படிக்கிற மாமா ஒருவரிடம் பாடம் கேட்கிறோம். "கிட்டாரு வேகமா ஓடுது, தப்பு நடக்கணும், ஓடக் கூடாது" என்று முதல் நாளே திட்டினார். அவர் சொன்னபடி வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். சத்தம் இன்னும் கனமாகிவிட்டது.

அடுத்த விழாவுக்கும் கேட்போம். இந்தத் தடவை மாமாவையும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு வருவோம். வயரைக் கழற்றுவதானால் கழற்றுங்கள். தப்புக்குக் கரண்ட் தேவையில்லை.