யார் சீனியர்?

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த நேரம். பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

திடீரென்று ஒருவன், "ஏலே, சீனியர் வாறார்!" என்றான். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

என் பக்கத்தில் இருந்த பெரியவரும் எழுந்துவிட்டார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். தம்மைவிட மூத்தவர் யாரோ வருகிறார் என்று எண்ணிவிட்டார். வந்தவருக்கு இருபது வயது இருக்கும்! மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"இவரா சீனியர்? பாங்கியில் என்னையும் சீனியர் என்றுதானே எழுதினார்கள், தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

நல்ல கேள்வி!

சீனியர் என்பது லத்தீன் மொழியில் இருந்து வந்த சொல். அங்கே அதற்கு "வயதில் மூத்தவர்" என்று பொருள். மூத்தவருக்கு மரியாதை உண்டு அல்லவா? அதனால் நாளடைவில் அது பதவியையும் குறித்தது. பஸ் கண்டக்டரை "சார்" என்று கூப்பிடுகிறோமே, அதுவும் இதே சொல்லில் இருந்து பிறந்ததுதான். பிரெஞ்சு வழியாக உருமாறி, ஆங்கிலத்துக்கு வந்தது.

தென்காசிக்காரர்களுக்கு இது புதிதல்ல. அண்ணாச்சி என்றால் அண்ணன். ஆனால் மளிகைக் கடைக்காரர் நம்மைவிடப் பத்து வயது இளையவராக இருந்தாலும், "அண்ணாச்சி, கால் கிலோ பருப்பு" என்றுதானே கேட்கிறோம்?

ஆபீசில் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் சீனியர். 30 வயதுக்காரர் 45 வயதுக்காரருக்குச் சீனியராக இருப்பார். கோர்ட்டிலும் அப்படித்தான். 1961ஆம் ஆண்டின் வக்கீல்கள் சட்டப்படி, "சீனியர் வக்கீல்" என்ற தகுதியை சுப்ரீம் கோர்ட்டும் ஐகோர்ட்டும் கொடுக்கின்றன. திறமையும் அனுபவமும் பார்ப்பார்கள். தலை நரைத்தால் மட்டும் கிடைத்துவிடாது!

இந்தச் சீனியர்களுக்கு, கேட்காமலே நாற்காலி வரும். 60 வயது நிரம்பிய "சீனியர் சிட்டிசன்" கதை வேறு. பெயர் பெரிது. கைக்கு வருவது சிறிது.

ரயிலில் ஆண்களுக்கு 60 வயதிலும், பெண்களுக்கு 58 வயதிலும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். தென்காசியில் இருந்து பொதிகை ரயிலில் சென்னைக்குப் பேரனைப் பார்க்கப் போகும் பாட்டியிடம் மிச்சம் பிடித்தது சரியல்ல என்பது என் கருத்து.

ஆனால் ஒரு சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு வந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்காவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதாமாதம் பணம் தரும்படி அவர் உத்தரவு போடுவார். பெற்றோருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வக்கீல் வைக்காமலே கேட்கலாம். கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய இடம் இருக்கிறது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

"பெற்ற பிள்ளை மேல் மனுவா?" என்றார். பிறகு பேசவில்லை. டீயைக் குடித்து முடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

நாலு அடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"தம்பி, அந்த ஆபீசை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"